எத்தனை பேருள் எத்தனை பேர்?

2022-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 3-ஆம் நாள் காரைக்காலில் பொதுநல நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. கக்கலும் கழிச்சலுமாகப் பல நூற்றுவர் மருத்துவமனைக்கு வந்தவண்ணம் இருந்தனர். அவருள் சிலர்க்கு வந்திருப்பது காலரா எனப் பொதுவழக்கில் வழங்கும் கொள்ளைக் கழிச்சலே என்று ஆய்வகம் உறுதி கூறிற்று. பள்ளிகளும் கல்லூரிகளும் மூன்று நாள் மூடப்பட்டன. நீரைக் காய்ச்சியே பருகுக என்று மக்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்ததே நோய்க்கு வாயில் என்பது அன்று ஊரார் அனைவரின் பேச்சு. ஆட்சியாளரும் குழாய் உடைப்புகளை அடைக்கத் தொடங்கினர். காவிரி தன் கைகளை விரித்துக் கடலொடு கலக்கும் கழிமுகத்தில், அரசலாறு வந்து முடியும் ஊரில், நீரே நோயாகி வந்த கொடுமை அது!

அந்நாள்களில் செய்தித்தாளைப் பிரித்தவர் கண்ணில் நாள்தோறும் ஓர் எண் பட்டது. இன்று இத்தனை பேர், இதுவரை இத்தனை பேர் என்பதே அவ்வெண். அதனைக் கண்டு அஞ்சியோர் பலர். 'இவ்வளவுதானா' என்று அமைந்தோரும் சிலர். இரு சாராரும் கேட்கத் தவறிய வினா ஒன்றுண்டு. எத்தனை பேருள் இத்தனை பேர்? எந்தத் தெருவில், எந்த நீர்த்தொட்டியின் நீரைக் குடித்தவருள் இத்தனை பேர்? இவ்வினா எழாத இடத்தில் நோயாளரின் எண்ணிக்கை வெறும் ஒலியே. இருபதின்மர் நோயுற்றனர் என்றால், நாற்பது பேர் வாழும் ஒரு சந்தில் அது பேரழிவு. நாற்பதாயிரவர் வாழும் நகரில் அது ஒரு நாளின் சிறு செய்தி. எண் ஒன்றே, அதன் கீழ் நிற்கும் எண்தான் வேறு.

மேலெண்ணும் கீழெண்ணும் கூடிய இக்கணக்கே மக்களின் நோயையும் சாவையும் அளக்கும் கலைக்கு அடிப்படை. மருத்துவர் கைபிடித்து நாடி பார்ப்பது ஒருவர்க்கு. இக்கலை நாடி பார்ப்பது ஓர் ஊர்க்கு. அதன் வலிமையை உலகுக்குக் காட்டியதும் இதே கழிச்சல் நோய்தான் என்பது எண்ணத்தக்கது. 1854-இல் இலண்டன் மாநகரில் இந்நோய் பரவியபோது, சான் சுனோ என்னும் மருத்துவர் அந்நகரின் தென்பகுதியில் இரண்டு குழும்புகள் ஒரே தெருக்களில் வீட்டுக்கு வீடு நீர் வழங்கி வருவதைக் கண்டார். ஒரு குழும்பு, நகரக் கழிவு கலந்த இடத்தில் தேம்சு ஆற்றின் நீரை எடுத்தது. மற்றொன்று அதற்கு முன்னரே தன் நீரெடுப்பை மேலாற்றுக்கு மாற்றிக்கொண்டது. வீடு வீடாகச் சென்று, இறந்தவர் குடித்தது எந்நீர் என வினவினார் சுனோ. முதற் குழும்பு நீர் வழங்கிய 40,046 வீடுகளில் 1,263 சாவுகள். இரண்டாம் குழும்பின் 26,107 வீடுகளில் 98 சாவுகள். பதினாயிரம் வீட்டுக்கு எனக் கணக்கிட்டால் ஒருபுறம் 315, மறுபுறம் 37. ஒரே தெரு, ஒரே காற்று, ஒரே வகைக் குடும்பங்கள்; நீர் ஒன்றே வேறு. கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்று அந்நாட்டுப் பெருமருத்துவர் பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. நோயை விளைக்கும் நுண்ணுயிரியை இராபர்ட்டு காக்கு எகித்திலும் பின்னர்க் கல்கத்தாவிலும் ஆய்ந்து நிலைநாட்டியது 1883, 1884-ஆம் ஆண்டுகளில். அதற்கு முப்பது ஆண்டு முன்னரே, நுண்ணுயிரியைக் காணாமலே, ஒரு வகுத்தற் கணக்கு நோயின் வழியைக் காட்டிவிட்டது.

காரைக்காலில் நோயுற்றோரின் எண்ணிக்கையைத் தொட்டி வாரியாகவும் குழாய் வாரியாகவும் வகுத்துத் தமிழில் எழுதி, அத்தெரு முனையிலேயே ஒட்டியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? இத்தெருவில் நூற்றுவர்க்கு எண்மர், அடுத்த தெருவில் நூற்றுவர்க்கு ஒருவரும் இல்லை என்று கொள்வோம். அத்தாளைப் படித்த மக்கள் குழாயைத் தோண்டாமல் ஓய்வரா? மொத்த எண்ணை மட்டும் சொல்வது மக்களை அச்சுறுத்தும். வகுத்துச் சொல்வது அவர்களை வினவச் செய்யும். ஆட்சியாளர்க்கு எது எளிது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி, எண்ணுவதிலும் இரு வகை உண்டு. அவற்றைப் பிரித்தறியாமையால் தமிழ் நாளிதழ்களில் நாளும் குழப்பம் விளைகிறது. ஒரு காலத்துள் புதிதாக நோயுறுவோரை எண்ணுவது ஒன்று. ஒரு நாளில் நோயோடு இருப்போர் அனைவரையும் எண்ணுவது மற்றொன்று. முன்னதைப் புதுநோய் வீதம் என்றும் பின்னதை நோயிருப்பு வீதம் என்றும் தமிழில் தெளிவாகச் சொல்லலாம். இதனை விளக்கக் கழிமுக மக்களுக்கு வெளியூர் எடுத்துக்காட்டே வேண்டா. கழிச்சல் நோய் இரண்டொரு நாளில் ஆளைக் கொல்லும், அல்லது சில நாளில் விட்டு நீங்கும். ஆகவே ஓராண்டில் ஆயிரவர்க்கு வந்திருப்பினும், ஒரு குறித்த நாளில் வீடு வீடாகச் சென்று பார்ப்பவர் கண்ணுக்குப் பத்துப் பேரும் அகப்படார். யானைக்கால் நோயோ கொல்வதில்லை, விடுவதும் இல்லை. ஒருமுறை வீங்கித் தடித்த கால் வாழ்நாள் முழுதும் அப்படியே. ஆண்டுக்கு ஒருவரோ இருவரோ புதிதாக நோயுற்றாலும், நாற்பது ஆண்டில் ஒரு சிற்றூரில் அந்நோயர் நிறைந்துவிடுவர். புதிதாக நோயுறுவோர் எண்ணிக்கையை நோய் நிலைக்கும் காலத்தால் பெருக்கினால் ஏறத்தாழ நோயிருப்பு வந்துவிடும் என்பது இத்துறையின் எளிய வாய்பாடு.

இவ்வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் அன்று. யானைக்கால் நோய்க்குக் கொசு ஒழிப்பும் கூட்டு மருந்தீடும் நடந்தபின், வீங்கிய கால்களை எண்ணி 'நோய் குறையவில்லையே' என்பது அறியாமை. அக்கால்கள் முன்னாளைய நோயின் எச்சம். இரவில் குருதி எடுத்து நுண்புழு உண்டா என ஆய்ந்தால்தான் இன்றைய பரவல் தெரியும். புதுச்சேரியில் 1975-இல் நிறுவப்பட்ட கொசு முதலிய நோய் பரப்பிகளைக் கட்டுப்படுத்தும் ஆய்வு நடுவம், 1980-களின் முற்பகுதியில் அந்நகரிலேயே ஐந்தாண்டு யானைக்கால் நோய்த் தடுப்பு முயற்சியை நடத்தி, இவ்வாறு அளந்தே பயனைக் கணித்தது. மறுபுறம், மருத்துவம் சிறந்து ஒரு நோயர் நெடுநாள் உயிர் வாழ்ந்தால் அந்நோயின் இருப்பு வீதம் ஏறும். சருக்கரை நோயர் பெருகியுள்ளனர் என்னும் செய்தியில், புதிதாக வந்தோர் எத்தனை, முன்னாளில் இறந்திருக்கக்கூடிய நிலையில் இன்று வாழ்வோர் எத்தனை என்று எவரும் பிரிப்பதில்லை. ஏற்றமெல்லாம் கேடன்று, இறக்கமெல்லாம் நன்மையுமன்று.

மூன்றாவதாக, நோயுற்றோருள் இறந்தோர் எத்தனை பேர் என்னும் கணக்கு. கொள்ளைக் கழிச்சலுக்கு மருத்துவம் இல்லையெனில் கடுமையாகத் தாக்குண்டோருள் பாதிப்பேர்வரை மாள்வர். உப்பும் சருக்கரையும் கரைத்த நீரை உரிய அளவில் ஊட்டினால் நூற்றுவருள் ஒருவர்கூட இறக்க வேண்டியதில்லை. 1971-இல் வங்க விடுதலைப் போரின்போது எல்லையோர ஏதிலியர் முகாமில் திலீப்பு மகாலனோபிசு என்னும் வங்க மருத்துவர் அந்நீரைப் பேரளவில் கொடுத்துக் காட்டினார். முப்பது விழுக்காட்டளவில் இருந்த சாவு நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிற்று. அவர் கையில் இருந்தது விலையுயர்ந்த மருந்தன்று. உப்பும் சருக்கரையும் ஒரு கணக்கேடுமே. அக்கணக்கேடு இல்லையேல் உப்பு நீரின் ஆற்றலை உலகம் நம்பியிராது.

நோய்க்கணக்கு இவ்வாறிருக்க, சாவுக்கணக்கில்தான் காரைக்காலின் தனித்துன்பம் தொடங்குகிறது. அதனைக் காணுமுன் பொது இறப்பு வீதத்தைப்பற்றி ஒரு சொல். ஆயிரவர்க்கு ஓராண்டில் இறப்போர் எத்தனை என்பதே அவ்வீதம். 2020-ஆம் ஆண்டுக்குரிய கூறெடுப்புப் பதிவுக் கணக்கின்படி கேரளத்தில் அது 7.0, பீகாரில் 5.4. அப்படியாயின் பீகாரிகள் மலையாளிகளைவிட நலத்தோடு வாழ்கின்றனரா? அதே கணக்கில் பிறந்த ஓராண்டுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்குக் கேரளத்தில் 6, பீகாரில் 27. கேரளத்தில் முதியோர் மிகுதி. பீகாரில் இளையோர் மிகுதி. முதியோர் மிகுந்த வீட்டில் சாவு மிகுவது இயற்கை. ஆகவே ஓர் ஊரை மற்றோர் ஊரோடு ஒப்பிடுமுன் இரண்டின் அகவைக் கூறுகளையும் நிகராக்கிக் கணக்கிட வேண்டும். அதனைச் செய்யாமல் பொது வீதத்தைக் காட்டிப் பெருமை பேசும் அமைச்சரும் பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை.

காரைக்காலுக்கு வருவோம். 1739-இல் பிரஞ்சியர் கைக்குச் சென்று, 1954 நவம்பர் 1-இல் அவர்கள் ஆட்சி நீங்கிய இந்நிலம், வடக்கும் தெற்கும் மேற்கும் தமிழ்நாட்டால் சூழப்பட்டது, கிழக்கே கடல். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கு வாழ்ந்தோர் 2,00,222 பேர். இது எந்த ஆட்சிப்பகுதியைச் சேர்ந்தது? இதற்கு வடக்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள புதுச்சேரியைச் சேர்ந்தது. அப்புதுச்சேரியோடு சேர்த்துக் கட்டப்பட்டவை இன்னும் இரண்டு: ஆந்திரக் கோதாவரிக் கரையில் ஏனாம், கேரளக் கடற்கரையில் மாகி. அதே கணக்கில் புதுச்சேரி மாவட்டத்தில் 9,50,289 பேர். ஏனாமில் 55,626 பேர். மாகியில் 41,816 பேர். நான்கையும் கூட்டி, 12,47,953 பேர்க்கு ஓர் இறப்பு வீதம், ஒரு குழந்தை இறப்பு வீதம் எனத் தாளில் அச்சிடுகின்றனர். மூன்று மொழி பேசும் மக்கள், இரண்டு கடல்கள், நான்கு வகை நீர், ஒரே எண்! மாகியில் மழைபெய்ததையும் ஏனாமில் வெயிலடித்ததையும் கூட்டி நிரவிக் காரைக்காலின் தட்பவெப்பம் என்று சொல்வாருண்டோ? இறப்பு வீதத்தில் மட்டும் அதனை எவரும் நகையாடுவதில்லை.

நான்கு பேருள் மூவர்க்கு மேல் புதுச்சேரி மாவட்டத்தார் ஆதலால், அந்நிரவல் எண் உண்மையில் புதுச்சேரி நகரின் எண்ணே. அங்கே சிப்மர் என்னும் நடுவணரசின் பெருமருத்துவமனை உண்டு. வேறு பல மருத்துவக் கல்லூரிகளும் உண்டு. காரைக்கால் மக்கள் ஆறுபேர்க்கு ஒருவரே. அவர்தம் துன்பம் அந்நிரவலில் கரைந்துபோகிறது. காரைக்காலில் குழந்தைச் சாவு இரட்டித்தாலும் ஒன்றியப் பகுதியின் எண் சற்றே அசைந்து அடங்கும். தலைநகரில் அமர்ந்து அவ்வெண்ணைப் பார்ப்பவர்க்குக் காரைக்கால் எப்போதும் நலமே.

அப்படியாயின் காரைக்காலுக்குத் தனிக்கணக்கு எடுத்தால் போதாதா? அங்கேதான் அடுத்த முடிச்சு. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி ஒரு சாவு, அது நேர்ந்த இடத்தில் பதியப்பெறும். இறந்தவர் வாழ்ந்த இடத்தில் அன்று. பெருமாநிலங்களுக்கு இதனால் இழப்பு மிகுதியில்லை. தஞ்சையில் வாழ்ந்தவர் சென்னையில் இறந்தாலும் தமிழ்நாட்டுக் கணக்கில் இருப்பார். காரைக்காலின் எல்லையோ காலைக்கும் மாலைக்கும் இடையே பலமுறை கடக்கப்படுவது. நண்டலாற்றைக் கடந்தால் தமிழ்நாடு. வாஞ்சூரைக் கடந்தால் நாகூர். மேற்கே ஒரு வயலின் ஒரு வரப்பு புதுச்சேரிக்கும் மறு வரப்பு தமிழ்நாட்டுக்கும் உரியதாய்க் கிடக்கும். பெண்கொடுப்பதும் எடுப்பதும் இருபுறமும். நோய் வந்தால் சுற்றுச் சிற்றூரார் காரைக்கால் அரசு மருத்துவமனைக்கு வருகின்றனர். காரைக்காலில் நோய் முற்றியவர் தஞ்சை மருத்துவக் கல்லூரிக்கும் திருவாரூருக்கும் புதுச்சேரிக்கும் கொண்டுசெல்லப்படுகின்றனர். 2022 முதல் நாகையிலும் ஒரு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது.

விளைவு என்ன? ஒரு கணக்காகக் கொள்க. இரண்டு இலக்கம் மக்கள் வாழும் ஒரு நிலத்தில் ஓராண்டில் 1,500 சாவுகள் பதியப்படுகின்றன. ஆயிரவர்க்கு 7.5. அவற்றுள் 300 பேர் வெளியூரார் என்றால் உள்ளூரார் 1,200 பேர்தாம், வீதம் 6. ஆனால் உள்ளூராருள் 200 பேர் வெளியே சென்று இறந்துள்ளனர், அவரையும் சேர்த்தால் 1,400, வீதம் 7. ஒரே ஊர், ஒரே ஆண்டு, மூன்று விடைகள். இவற்றுள் மூன்றாவதே மெய். ஆனால் அதனைப் பெற இரண்டு அரசுகளின் பதிவேடுகள் ஒன்றோடொன்று பேச வேண்டும். காரைக்கால் உழவர் ஒருவர் தஞ்சையில் பூச்சிமருந்து நஞ்சால் இறந்தால், அச்சாவு தஞ்சைக் கணக்கில் ஏறும். அவர் உயிருடன் இருந்ததோ காரைக்கால் கணக்கில். மேலெண் ஓரிடம், கீழெண் வேறிடம். கடுநோயர் அனைவரும் வெளியே சென்று இறக்கும் ஊர், தாளில் நலமிக்க ஊராகத் தோன்றும். பெருமருத்துவமனை உள்ள ஊர் சாவு மிகுந்த ஊராகத் தோன்றும். மருத்துவமனை இல்லாமையே நலத்துக்குச் சான்றாகிவிடும் விந்தை இது.

மற்றொரு முடிச்சு, காரைக்காலின் சிறுமை. ஓராண்டில் 2,000 குழந்தைகள் பிறக்கும் ஓரிடத்தில் 12 குழந்தைகள் இறந்தால் ஆயிரத்துக்கு 6; அடுத்த ஆண்டு 20 குழந்தைகள் இறந்தால் 10. எட்டுக் குழந்தைகளின் வேறுபாடு தற்செயலாகவும் நேரலாம். கேட்டின் தொடக்கமாகவும் இருக்கலாம். இதனாலேயே கூறெடுப்புப் பதிவுக் கணக்கர், சிறு மாநிலங்கட்கும் ஒன்றியப் பகுதிகட்கும் குழந்தை இறப்பு வீதத்தை ஓராண்டுக்குக் கூறாமல் மூன்றாண்டு நிரவலாகக் கூறுகின்றனர். புதுச்சேரி முழுமைக்குமே அந்நிலை என்றால், அதன் ஆறில் ஒரு பங்கான காரைக்காலுக்கு என்ன செய்வது? 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வு காரைக்கால் மாவட்டத்துக்கெனத் தனித்தாள் வெளியிட்டது. மணம், பேறு, தடுப்பூசி, குருதிச்சோகை எனப் பலவும் அதில் உள்ளன. சாவு வீதம் இல்லை. மாவட்ட அளவில் எடுத்த கூறு அதற்குப் போதாது என்பதே கரணியம். அது நேர்மையான கரணியமும்கூட. ஆகவே கூறெடுப்பால் ஆகாதது ஒன்று உண்டு. சிறிய ஊரின் சாவை ஒன்றுவிடாமல் எண்ணித்தான் அறிய முடியும். கூறெடுத்துப் பார்ப்பது பானைச் சோற்றுக்குப் பொருந்தும். கைப்பிடிச் சோற்றுக்கு ஒவ்வொரு பருக்கையும் கணக்கே.

சிற்றூர்க் கணக்கை ஒரே நாள் எப்படித் தலைகீழாக்கும் என்பதற்குக் காரைக்கால் கடற்கரையே சான்று. 2004 திசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை வந்தது. காரைக்கால் நிலத்தில் மட்டும் மாண்டோர் ஐந்நூற்றை ஒட்டினர். அன்று இங்கு வாழ்ந்தோர் ஒன்றேமுக்கால் இலக்கம் அளவினர். ஆயிரவர்க்கு மூவர் அளவு ஒரே காலைப்பொழுதில் மாண்டனர். ஆயினும் அச்சாவுகள் ஆயிரவர்க்கு மூவர் என எங்கும் பரவி விழவில்லை. கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவக் குப்பங்களின் மேல் விழுந்தன. உள்நாட்டுத் திருநள்ளாற்று உழவர் வீட்டில் அலை புகவில்லை. மாவட்ட வீதம் என்னும் ஓரெண், குப்பத்தின் அழிவையும் வயலூரின் தப்புதலையும் ஒன்றாக்கி மறைத்துவிடுகிறது. கழிச்சல் நோயும் அவ்வாறே. எல்லார் வீட்டுக் குழாயும் ஒரே நாளில் உடைவதில்லை. எந்தச் சேரியின் குழாய், எந்தக் குப்பத்தின் தொட்டி என்பதே கேள்வி.

கீழெண்ணின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. மேலே சொன்ன 2,00,222 என்பது 2011-ஆம் ஆண்டின் எண். 2021-இல் எடுக்கப்பட வேண்டிய மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப்படவில்லை. அது 2027-க்குத் தள்ளப்பட்டது. பதினாறு ஆண்டு இடைவெளியில் ஊர்கள் வளர்ந்தன, இளைஞர் வெளிநாடு சென்றனர், முதியோர் கூடினர். மதிப்பீடு என்ற பெயரில் ஊகித்த எண்ணின்மேல்தான் இன்றைய வீதங்கள் அனைத்தும் நிற்கின்றன. மேலெண்ணில் ஓர் ஆளைக் குறைத்தால் குற்றம் காண்போர், கீழெண்ணில் ஆயிரவரை ஊகித்துப் போடுவதை ஏனோ பொருட்படுத்துவதில்லை.

கணக்கிலிருந்து ஆள்கள் மறைவது காரைக்காலுக்குப் புதிதன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் இத்துறைமுகத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் பல்லாயிரவர் பிரஞ்சுக் கரும்புத் தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டனர். இரீயூனியனுக்குச் சென்றோர் போக, 1850-களுக்கும் 1880-களுக்கும் இடையில் குவாதலூப்புக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியர் 42,000-க்கு மேல். மார்த்தினிக்குக்கு 25,000-க்கு மேல். பிறப்பையும் மணத்தையும் இறப்பையும் ஏட்டில் ஏற்றுவதில் பிரஞ்சியர் கருத்துடையவர்; அவ்வேடுகளைத் தேடி இன்றும் மக்கள் பதிவகங்களுக்கு அலைகின்றனர். ஆயினும் கப்பலில் மாண்டவர் கப்பலேட்டில். தோட்டத்தில் மாண்டவர் தீவின் ஏட்டில். பிறந்த ஊர்க்கணக்கில் அவர் பிறந்தார் என்பது மட்டுமே நின்றது. ஊரின் சாவு வீதம் அதனால் தாழ்ந்தும் இருந்திருக்கும்! ஏடு செம்மையாக எழுதப்பட்டாலே கணக்கு மெய்யாகிவிடாது.

சாவை எண்ணினால் போதுமா? எதனால் நேர்ந்தது என்றும் எழுத வேண்டும். இந்தியா முழுமைக்கும் 2020-இல் பதியப்பட்ட சாவுகளுள் மருத்துவர் கரணியம் எழுதிச் சான்றளித்தவை 22.5 விழுக்காடே. ஏனைய முக்காற்பங்குக்கு மேற்பட்டோர் ஏன் இறந்தனர் என்பதை ஏடு அறியாது. எழுதப்பட்டவற்றிலும் 'இதயம் நின்றது', 'மூச்சு நின்றது' என்று முடிப்பது பெருவழக்கு. இதயம் நிற்காமல் இறந்தவர் எவர்? இறந்த வகையை எழுதுதல் வேறு, இறப்பின் முதலை எழுதுதல் வேறு. கழிச்சலால் நீர்வற்றிச் சிறுநீரகம் கெட்டு இதயம் நின்றவரை 'இதயச் சாவு' எனப் பதிந்தால், குடிநீர்க் குழாய் குற்றமற்றதாகிவிடும். இறப்புக்கு அடித்தளமான நோயை வரிசைப்படுத்தி எழுதவே அப்படிவத்தில் அடுத்தடுத்து வரிகள் விடப்பட்டுள்ளன. பலர் முதல் வரியோடு நின்றுவிடுகின்றனர்.

இங்கு மொழியின் கேடும் புகுகிறது. மருத்துவர் கரணியத்தை ஆங்கிலத்தில் எழுதுகிறார், அதுவும் சுருக்கெழுத்தாக. இறந்தவரின் மனைவியோ மகனோ அத்தாளைப் படித்து 'இது பிழை, என் தந்தைக்கு மூன்று நாள் கழிச்சல் இருந்தது' என்று சொல்ல வழியில்லை. 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, அவ்வாண்டு அத்தோபர் 1 முதல், மருத்துவமனைகள் கரணியச் சான்றை இறந்தவரின் நெருங்கிய உறவினர்க்குக் கட்டணமின்றித் தரவேண்டும். நல்ல சட்டம்! ஆனால் கையில் தரப்படும் தாள் புரியாத மொழியில் இருந்தால் அது தரப்பட்டதாகுமா? தமிழ், புதுச்சேரியின் ஆட்சிமொழி. 'மரண விகிதம்' என்று அரசுத் தாள் எழுதுவதை 'இறப்பு வீதம்' என்று மாற்றுவதொடு தமிழ்த்தொண்டு முடிந்துவிடவில்லை. ஒரு கைம்பெண் தன் கணவனின் சாவுக்கு அரசு எழுதிய கரணியத்தைத் தன் மொழியில் படித்து மறுக்க இயலவேண்டும்.

எண்ணாமை எத்துணைப் பெரிய மறைப்பாகும் என்பதை மகுடநச்சுக் காய்ச்சல் காட்டிற்று. 2020, 2021 ஆகிய ஈராண்டில் இந்தியாவில் அந்நோயால் இறந்தோர் என அரசு காட்டியது ஏறத்தாழ 4.8 இலக்கம். வழக்கமாக நேரும் சாவுக்கு மேற்பட்ட மிகைச்சாவு 47 இலக்கம் என உலக நலவாழ்வு நிறுவனம் 2022-இல் மதிப்பிட்டது. இந்திய அரசு அம்மதிப்பீட்டை மறுத்தது. ஆனால் அரசின் பதிவேடே வேறு ஒன்றைச் சொல்லிற்று. 2020-இல் பதியப்பட்ட சாவுகள் 81 இலக்கம். 2021-இல் ஒரு கோடியே 2 இலக்கம். ஓராண்டில் 21 இலக்கம் ஏற்றம். அவ்வெண் மக்கள் கைக்கு வந்தது 2025-இல். பிணங்கள் எரிந்து நான்கு ஆண்டு கழித்து!

காரைக்காலுக்குச் செய்ய வேண்டுவது பெருஞ்செலவுள்ள செயலன்று. இறப்புப் பதிவுப் படிவத்தில் இறந்தவர் வாழ்ந்த இடத்துக்கென ஒரு கட்டம் முன்னரே உள்ளது. அதனைத் தவறாமல் நிரப்பி, வாழ்ந்த இடத்தின் வாரியாகச் சாவுகளைத் தொகுக்க வேண்டும். காரைக்கால், திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஆறு கொம்யூன்களுக்கும் தனித்தனியே, மூன்றாண்டு நிரவலாக, அகவை பிரித்து, ஆணும் பெண்ணும் பிரித்து வெளியிட வேண்டும். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டப் பதிவகங்களும் காரைக்கால் பதிவகமும் திங்கள்தோறும் தத்தம் எல்லையில் இறந்த அயலாரின் பட்டியலைப் பெயர் நீக்கி மாற்றிக்கொள்ள வேண்டும். இந்தியா முழுமைக்கும் ஒரே பதிவுத் தொகுப்பை 2023-ஆம் ஆண்டுச் சட்டமே ஏற்படுத்திவிட்டபின், இரண்டு அரசுகளின் ஏடுகள் பேசிக்கொள்ள இயலாது என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது.

2016 முதல் காரைக்காலில் சிப்மரின் கிளை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்கே பயிலும் மாணவர் குமுகாய மருத்துவம் என்னும் பாடத்துக்காக ஊர்களுக்குள் செல்கின்றனர். ஒவ்வொரு கழிச்சல் நோயரும் குடித்த நீர் எத்தொட்டியினது என்று எழுதும் ஏடு ஒன்றை அவர்கள் கையில் கொடுத்து, அத்தொட்டியின் நீர் பருகுவோர் தொகையையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்லலாம். கிழமைக்கு ஒருமுறை அப்பக்கத்தின் தமிழ்ப்படி அந்தந்தத் தொட்டியின் தூணில் ஒட்டப்படட்டும். 2022 சூலையில் தம் தெருக் குழாய் நீரைப் பருகி நோயுற்றோரின் தெருவில் அந்த முதல் தாள் ஒட்டப்படுவது முறை.